மாடி வீட்டுப் போன் ட்யூட்டி

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட் மொத்தத்துக்கும் ஒரே ஒரு போன்தான். அது மூன்றாவது மாடியில், அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டில் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் மனுப்போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, வேலைக்கு அனுப்பும் அப்ளிகேஷன் என்று எல்லாவற்றிலும் அவருடைய நம்பரைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவார்கள். போன் நம்முடையது இல்லை, அக்கம்பக்கத்தாருடையது, தயவுசெய்து கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

அப்போது நான் அண்ணா வீட்டில் இருந்தேன். தேனாம்பேட்டையில் ஒரு ஆபீசில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அந்த ஃப்ளாட்டில் எல்லோரும் ஒரு கருத்து வைத்திருந்தார்கள், அது இங்கே தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகாதவள் குழந்தைகளைப் பற்றி எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் அதற்கு மதிப்பில்லை. "நீ பெத்திருந்தா தெரியும்" என்ற ஒரே வாக்கியத்தில் மன்னி என் வாயை அடைத்துவிடுவாள். மன்னி கெட்டவள் இல்லை. அவளுடைய ஒரே தம்பி மஸ்கட்டில் வேலை பார்த்தான். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் குரலைக் கேட்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் என்று சொல்லலாம்.

அந்தப் போன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு லைன் கிடைக்கும்போது வரும். போன் வந்தபிறகு செக்ரட்டரி மாமா கீழே வந்து கூப்பிட்டு, மன்னி மூச்சிரைக்க மாடியேறிப் போய் எடுப்பதற்குள் அங்கே அவனுடைய காசு கரைந்துவிடும். குடும்பத்தோடு போய் அடுத்தவர் வீட்டில் காலையெல்லாம் உட்காரவும் முடியாது. அதனால் எங்கள் ஃப்ளாட்டில் ஒரு வழக்கம். குழந்தையை அனுப்பிவிடுவார்கள். குழந்தை மாடியில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மணி அடித்ததும் எடுத்து "இதோ வரா" என்று சொல்லிவிட்டு, பால்கனியிலிருந்து கீழே பார்த்துக் கத்தும். இதற்கு 'போன் ட்யூட்டி' என்று செல்லப்பெயர் வேறு. வெளிநாட்டில், வெளியூரில் ஆள் இருக்கும் வீடுகளிலெல்லாம் ஒரு குழந்தை இந்த ட்யூட்டியில் இருந்தது. எங்கள் வீட்டில் அண்ணாவின் பெண். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம்.

செக்ரட்டரி மாமா மத்திய அரசில் பெரிய பதவியிலிருந்து ரிட்டையர் ஆனவர். நெற்றி நிறைய விபூதி, கஞ்சி போட்ட வேஷ்டி, ஒரு ஃபியட் கார். தண்ணீர் லாரியை வரவழைப்பது அவர், மோட்டார் ரிப்பேர் ஆனால் ஆளைப் பிடிப்பது அவர். மாமி அமெரிக்காவில் பெண்ணின் பிரசவத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். "பாவம், தனியா இருக்கார்" என்று எங்கள் பெண்மணிகள் உருகுவார்கள். ஆளுக்கொரு நாள் ரசம், கூட்டு என்று கிண்ணத்தில் போட்டு அனுப்புவார்கள். அதையும் குழந்தைகள் கையில்தான் கொடுத்து அனுப்புவார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது குட்டிக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலை காய்ந்து, இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை நன்றாக இருப்பாள். "சரி, மாடிக்குப் போ" என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். மன்னி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அண்ணா, "கணக்குல வீக். ஸ்கூலுக்குப் போகப் பயம், அதான்" என்றான்.

"ஞாயித்துக்கிழமை எந்த ஸ்கூல் அண்ணா?" என்றேன்.

"அடுத்த நாள் திங்கட்கிழமை வரதோல்லியோ, அந்தப் பயம்" என்றான். அவன் பாங்கில் வேலை பார்த்தவன், எந்தக் கணக்கையும் எப்படியாவது டாலி செய்துவிடுவான்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் தோழி ஒருத்தி என்னை அடையாறில் ஒரு கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழந்தைகளைத் தவறாக நடத்துகிறவர்களைப் பற்றி ஒரு டாக்டரம்மா பேசினார். வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அதில் பெரிய மீசையும் லுங்கியுமாக ஒருவன் மரத்துக்குப் பின்னால் நின்று குழந்தைக்கு மிட்டாய் நீட்டுவதுபோலப் படம். முன்வரிசையில் பட்டுப்புடவை உடுத்திய ஒரு அம்மாள் எழுந்து, "இதெல்லாம் குப்பத்துலதானே டாக்டர் நடக்கும்?" என்று கேட்டார். பாதிக் கூட்டம் தலையை ஆட்டியது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லா வீட்டுலயும் நடக்கும்மா. பெரும்பாலும் குழந்தைக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளாத்தான் இருப்பான். இந்த நோட்டீஸ்ல இருக்கற படத்தை நான் போடச் சொல்லலை" என்றார். அதற்குமேல் அவர் சொன்னதில் பாதி கேட்கவில்லை. பின்னால் வடையும் காப்பியும் வந்துவிட்டன, எல்லோரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். கேட்ட வரைக்கும் நான் பிடித்துக்கொண்டேன். குழந்தை திடீரென்று ஒரு இடத்துக்கோ ஒரு ஆளிடமோ போக மறுத்தால், ஏன் என்று நிதானமாகக் கேளுங்கள். மிரட்டாதீர்கள், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். சொன்னால் நம்புங்கள், கோபத்தைக் காட்டாதீர்கள், தன் மேல்தான் கோபம் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். பெரிதாக ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து அண்ணாவிடமும் மன்னியிடமும் சொன்னேன். குட்டிக்கு யாரோ தொந்தரவு கொடுப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது, மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். 'மெதுவாக' என்பதை அழுத்தித்தான் சொன்னேன். அண்ணா ஒரு நிமிஷம் யோசித்தான். "ஆட்டோக்காரன்" என்றான்.

"எந்த ஆட்டோக்காரன்?"

"ஸ்கூல் ஆட்டோக்காரன்தான். வேற யாரு? நான் அப்பவே நினைச்சேன். அவன் முழியே சரியில்லை."

குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஸ்கூல் ஆட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், ஆட்டோ வந்ததும் அண்ணா கீழே போய், நாளையிலிருந்து வரவேண்டாம், அது மட்டுமில்லை, போலீசில் சொல்லாமல் விடுவதே பெரிய விஷயம் என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தான். ஆட்டோவுக்குள் மற்ற வீட்டுக் குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அந்த மனிதர் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாமா இது? எத்தினி வருசமா புள்ளிங்கள இட்டுக்கினு போறேன். ஒரு கம்ப்ளெய்ன்ட் கீதா? நா இன்னா பண்ணேன்னு உங்க அண்ணன கேட்டு சொல்லுமா."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணாவிடம் பேசுகிறேன் என்றேன். பேசினேன். "அவனுக்கு வக்காலத்து வாங்க ஆபீசுக்கு லீவு போடு" என்றான்.

சேதி மாடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அன்று சாயங்காலமே செக்ரட்டரி மாமா கீழே இறங்கி வந்தார். ஹாலில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். "நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இந்த ஆட்டோக்காராளை நம்பாதேங்கோன்னு. காலம் கெட்டுக் கிடக்கு. பொண் குழந்தை வேற. நான் சும்மாத்தானே இருக்கேன், திங்கட்கிழமையிலேர்ந்து கார்ல கொண்டு விட்டுடறேன். சாயங்காலம் கூட்டிண்டு வந்துடறேன். எனக்கும் பொழுது போகும்" என்றார்.

மன்னியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க நன்னா இருக்கணும் மாமா" என்றாள். அண்ணா எழுந்து நின்று கை கூப்பினான். குட்டி என் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் முந்தானையை அவள் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஓரம் முழுக்க நனைந்து போயிருந்தது.

சனிக்கிழமை ஷூ வாங்க வேண்டும் என்று சொல்லி அவளைத் தி. நகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் வழக்கம்போல மாட்டிக்கொண்டது. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "ஆட்டோ மாமா இனிமே வரமாட்டாரே, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆட்டோ மாமா நல்ல மாமா. அப்பா ஏன் திட்டினா?"

"எனக்கும் தெரியலைடா. நல்ல மாமா இல்லைன்னு உனக்குத் தோணறவா யாராவது இருக்காளா?"

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கண்டக்டர் யாரையோ உள்ளே போ, உள்ளே போ என்று கத்தினார். கொஞ்சம் கழித்து ஜன்னல் கம்பியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "மாடி மாமா கதவைத் தாழ்ப்பாள் போட்டுடறார். மடியில உக்காந்தாத்தான் போனை எடுக்க விடுவேங்கறார். எனக்குப் பிடிக்கலை அத்தை. இறங்கறேன்னா விடமாட்டேங்கறார். கிச்சுக்கிச்சு மூட்டறேன்னு தொடறார். ஆத்துல சொன்னா மஸ்கட் மாமா போனே வராது, அம்மா அழுதுண்டே இருப்பான்னு சொன்னார்."

சொல்லிவிட்டு, "இப்போ போன் வராதா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

அந்த நிமிஷமே பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் அந்த ஆளின் விபூதியை அழிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் கோபத்தைக் காட்டினால் தன் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "நீ சொன்னது ரொம்ப நல்லதுடா கண்ணு. உன் மேல தப்பே இல்லை. போன் வரும். நீ இனிமே மாடிக்குப் போகவேண்டாம். அவர் கார்லயும் போகவேண்டாம். இது அத்தை பொறுப்பு" என்றேன். ஷூ வாங்கினோம். ஒரு நம்பர் பெரிசாக வாங்கிவிட்டேன், என் புத்தி அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து அண்ணாவையும் மன்னியையும் சமையலறையில் நிறுத்தி, குட்டி சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். இரண்டு பேரும் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அண்ணா ஒரு பெரிய மூச்சு விட்டான். ஏதோ கண்டத்திலிருந்து தப்பித்தவன் மாதிரி.

"அவ்வளவுதானே?" என்றான்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு மண்டையில் சூடு ஏறுகிறது. அவ்வளவுதானாம். மடியில்தானே உட்கார வைத்தார், தாத்தா வயசு. கிச்சுக்கிச்சுதானே மூட்டினார், பேரக்குழந்தை அமெரிக்காவில் இருக்கிற ஏக்கம். தாழ்ப்பாளா, திருட்டுப் பயம். குழந்தைகள் எதையாவது கற்பனை பண்ணும். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. "ப்ரூஃப் இருக்கா? ஒரு மனுஷர் மேல அபாண்டமா பழி போடறோமே, நாளைக்கு அவர் மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்றான். ஆட்டோக்காரரைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தியபோது அவனுக்கு எந்த ப்ரூஃபும் தேவைப்படவில்லை. அதையும் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றான்.

"என்ன நடந்தா உனக்குப் போதும் அண்ணா? அதைச் சொல்லு. எதுவரைக்கும் காத்திண்டிருக்கணும்? இன்னும் ஒண்ணும் நடக்கலைன்னுதானே இப்பவே கத்தறேன்?"

"கத்தாதே. ஜன்னல் திறந்திருக்கு" என்றாள் மன்னி.

மன்னி வேறு ஒரு யோசனை வைத்திருந்தாள். நான் முட்டாள்தனம் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஈடு பார்த்ததில்லை. "இவளைத் தனியா அனுப்பாம எதிராத்துக் குழந்தையையும் துணைக்கு அனுப்பலாம்" என்றாள். எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஐந்து வயது.

"அது ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேரை அனுப்பறது மன்னி" என்றேன்.

"நீ பெத்திருந்தா தெரியும்" என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து போய்விட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குட்டியை விடியற்காலையிலேயே பெசன்ட் நகருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மத்தியானம் வரை கடற்கரையில் சுற்றினோம். திரும்பி வந்தபோது மன்னி தானே மாடிக்குப் போய்த் தம்பியிடம் பேசிவிட்டு வந்திருந்தாள். போன் வந்தது என்று கேட்டதும் குட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மன்னி எங்கள் இருவரையும் முறைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் நான் ஆபீசுக்குச் சொல்லி ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கியிருந்தேன். நானே அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதாக ஏற்பாடு. அண்ணாவிடமும் சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான் செருப்பு மாட்டிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தால், அண்ணாவும் மன்னியும் குட்டியும் ஏற்கெனவே கீழ்ப்படியில் நிற்கிறார்கள். வாசலில் ஃபியட் உறுமிக்கொண்டிருக்கிறது. முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செக்ரட்டரி மாமா நிற்கிறார்.

குட்டி மாடிப்படிக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். மன்னி குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள். "வெக்கப்படறா மாமா. ஒரு நிமிஷம். மாமா காத்திண்டிருக்கார் பாரு, மரியாதை தெரியாதா உனக்கு?"

ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் போய் ஒட்டிக்கொண்டது.

என் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை நான் யோசித்துப் பேசவில்லை. "விடுங்கோ மன்னி அவளை! அவ வரமாட்டா! மாமா, நீங்க அவளைத் தொடறது அவளுக்குப் பிடிக்கலை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுண்டு மடியில உக்கார வைக்கறது பிடிக்கலை. ஆத்துல சொல்லாதேன்னு மிரட்டினதையும் சொல்லிட்டா. இனிமே இவ உங்க பக்கத்துலயே வரமாட்டா!"

மாடிப்படி என்பது எதைச் சொன்னாலும் மூன்று மாடிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். மேலே குக்கர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வீடுகளில் கதவுகள் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை. செக்ரட்டரி மாமா முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "கலிகாலம். பாசமா இருந்ததுக்கு இந்தப் பேரா?" என்றார். கார்க் கதவை அறைந்து சாத்தினார். அண்ணா என்னிடம், "மானம் போச்சு" என்று மட்டும் சொன்னான். யாருடைய மானம் என்று கேட்க எனக்கு அப்போது திராணி இல்லை.

மன்னிதான் குட்டியைக் கேட்டாள். கேட்டாள் என்றால், முதல்தடவையாகக் கேட்டாள். படியில் உட்கார்ந்து, "நெஜமா?" என்றாள். குட்டி தலையை ஆட்டினாள். மன்னி அவளுடைய சிவந்துபோன விரல்களைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் ஆபீசுக்குப் போகவில்லை. குட்டியும் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

அசோசியேஷன் அவசரக் கூட்டம் போட்டது. நம்பமாட்டீர்கள், கூட்டம் என்னைப் பற்றி. பொது இடத்தில் சத்தம் போட்டுக் குடியிருப்பின் பெயரைக் கெடுத்தேனாம், மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். குழந்தை சொன்ன விஷயத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் லாரி யார் வரவழைப்பது, யாருக்காவது அவசரப் போன் வந்தால் என்ன செய்வது என்று பேசினார்கள். போலீசுக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும், "மடியில உக்கார வைச்சதுக்கு எந்தச் சட்டத்துல கேஸ் போடுவா?" என்று ஒருவர் சிரித்தார். குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் அப்போது இல்லை. அவருடைய சிரிப்புக்கும் அதுதான் தைரியம். கூட்டத்தில் ஆண்களுக்கு நடுவே வாயே திறக்காத மன்னி எழுந்து, "எங்களுக்கு அந்தப் போன் வேண்டாம். மன்னிப்பும் கேக்கமாட்டோம்" என்றாள். அவள் குரல் கிரீச்சென்று வந்தது. தெருமுனையில் புதிதாக வந்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்குத் தம்பியைப் போன் பண்ணச் சொல்லிக் கடிதம் போட்டாள். பூத்காரர் ஒத்துக்கொண்டார்.

ஆட்டோக்காரரைத் தேடிக்கொண்டு நான் கோயில் குளத்தங்கரை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். நடந்தது தவறு, மறுபடி வாருங்கள் என்று கேட்டேன். "உங்க மேல எனுக்கு கோவம் இல்லமா. ஆனா உங்கூட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டேன். வேற ஆள பாத்துக்கோ" என்றார். அண்ணா வந்து கேட்டால் வந்திருப்பாரோ என்னவோ. அண்ணா போகவில்லை. அடுத்த வருஷம் வரை நானே குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், ஆபீசில் என் பெர்மிஷன் ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் விஷயம் முடிந்தது. ஃப்ளாட்டில் முடியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தையும் மாடிக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. பிறகு எதிர் வீட்டுக்கு டெல்லியிலிருந்து போன் வரவேண்டியிருந்தது. அந்த ஐந்து வயதுக் குழந்தை நல்ல கவுன் போட்டுக்கொண்டு படியேறுவதைப் பார்த்தேன். அதன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "உங்காத்துக் குழந்தை கொஞ்சம் சென்சிட்டிவ். இவ அப்படியில்லை" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவது மாடிக்கு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். வருகிற குழந்தைகளிடம், "நீ போய் விளையாடு. போன் வந்தா நான் கூப்பிடறேன்" என்பேன். போன் அடித்தால் செக்ரட்டரி உள்ளேயிருந்து ஆள் பெயரைக் கத்துவார், நான் படியிறங்கிப் போய்க் கூப்பிடுவேன். அவர் என்னைப் பார்க்கமாட்டார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். காய் நறுக்குவேன், பேப்பர் படிப்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். அண்ணா கெஞ்சினான், "பைத்தியம்னு பேர் வாங்கிடாதே" என்றான். கால் மரத்துப்போகும், வாரத்தில் இருந்த ஒரே லீவு நாளும் போயிற்று. எனக்கே அலுத்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு போதும், அவரவர் குழந்தையை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று மனதுக்குள் முடிவே பண்ணிவிட்டேன்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தரைத்தள வீட்டுப் பெண் படியேறி வந்தாள். நந்தனத்தில் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பாடுவாள், யாரோடும் பேசமாட்டாள். அந்த ஃப்ளாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தக்கூட அவள் வந்து நான் பார்த்ததில்லை, அவர்கள் வீட்டுத் துணியெல்லாம் பின்பக்கச் சந்திலேயே காயும். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றுவிட்டாள். அதற்குமேல் ஏறவில்லை. மூடியிருந்த அந்தக் கதவைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எவ்வளவு நாள் இப்படி உக்காருவீங்க?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

அவள் கைப்பிடிச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, குரலை உயர்த்தாமல், நாளைக்குப் பரீட்சை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நானும் சின்ன வயசுல சொன்னேன்க்கா. எங்கம்மா நம்பினாங்க. ஒரு வாரம் என்னை அனுப்பலை. அப்புறம் பம்பாய்லேர்ந்து பெரியப்பா போன் பண்றேன்னு லெட்டர் போட்டார். மறுபடியும் என்னைத்தான் அனுப்பினாங்க."